கேட்ட பிறகு பத்து எண்ணுவார்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடம் விஞ்ஞானம். தவமலர் டீச்சருக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல் என்று எங்களுக்குத் தெரியும். கொழும்புக்குப் போய் வந்த அலுப்பு என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு டெங்கு என்றார்கள். அன்றைக்குப் பதில் ஆசிரியர் யாரும் வராததால் நாங்கள் ஆய்வுகூடத்தில் மின்சுற்றுப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். பகுதித் தலைவி வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையள், எங்கட தவமலர் டீச்சர் விடிய மூண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

யாரும் உடனே அழவில்லை. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது ஏழு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வந்தபோது பின் வரிசை வாங்கில் இருந்து முதல் அழுகை கேட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் மாணவர்கள் சார்பில் ஒருவர் எழுத வேண்டும் என்று கேட்டபோது வகுப்பில் மற்றவர்கள் நன்றாக எழுதுவார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் இருந்து எழுதுகிறேன். டீச்சரோடு படித்தவர்கள், படிப்பித்தவர்கள், வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் போனவர்கள் எல்லாம் இந்த மலரை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் வேறு யாருக்கும் தெரியாது.

டீச்சர் கல்வியியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் தரம் எட்டில் இருக்கும்போது தொடங்கினார். வேலையை விடாமல் படிக்கும் படிப்பு அது. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு இரவு பஸ் எடுப்பார். ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். திங்கட்கிழமை முதலாம் பாடத்துக்குக் கண் சிவந்து வந்து நிற்பார். ஒரு திங்கட்கிழமை நாங்கள் நீரைச் சூடாக்கி வெப்பநிலை குறித்துக்கொண்டிருக்கும்போது அவர் சுவரில் சாய்ந்து நின்றபடியே நித்திரையாகிவிட்டார். நாங்கள் மணி அடிக்கும் வரை தண்ணீரைக் கொதிக்க விட்டுக்கொண்டு இருந்தோம். அன்று குறித்த வெப்பநிலை எல்லாம் நூறு.

எங்கள் தவணைச் சோதனைத் தாள்களை ஒருமுறை அந்த பஸ்ஸில் விட்டுவிட்டு வந்துவிட்டார். கட்டு முழுவதும் போய்விட்டது. "பிழை என்ர. தண்டனை உங்களுக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி மறுபடி சோதனை வைத்தார். ஒரு கிழமை, ஏழு நாளும், நாங்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நாங்கள் அவரை எப்போதும் விரும்பினோம் என்று எழுதினால் அவரே சிரிப்பார்.

கொப்பிகளை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோகும்போது அங்கே நடக்கும் கதை எங்கள் காதில் விழும்.

"டொக்டர் வாறா, வழி விடுங்கோ. ஆருக்கும் தடிமன் காய்ச்சல் இருந்தா இப்ப காட்டலாம்" என்பார் கணிதம் படிப்பிக்கும் சேர்.

"மருந்து இல்லை சேர். ஊசி மட்டும்தான் இருக்கு. போடட்டோ?" என்பார் டீச்சர்.

"பகிடியை விடுங்கோ. நாப்பத்தேழு வயசில இதைப் படிச்சு என்ன செய்யப்போறியள்? இதுக்குச் சம்பளம் கூடுமோ?"

"கூடாது. எனக்கு ஒரு சந்தேகம் சேர். அது தீராம ஓய்வெடுத்தா நித்திரை வராது."

அந்தச் சந்தேகம் என்ன என்று எங்களுக்குத் தரம் பத்தில்தான் தெரியவந்தது. தன் வகுப்பில் பெண் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதுதான் அது. "மற்ற ஆராய்ச்சியில தூரத்தில நிண்டு பாக்கலாம். இதில என்ர வேலையை நானே பாக்கவேணும். அதுதான் பயமாக்கிடக்கு" என்று எங்களிடமே சொன்னார். ஒரு மாதம் முழுக்கத் தன் தொலைபேசியை மேசையில் வைத்துத் தன் பாடத்தைப் பதிவு செய்தார். அதைக் கொழும்பு பஸ்ஸில் காதில் கொழுவிக்கொண்டு கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை வந்து கதிரையில் இருந்தார். பாடத்தின்போது அவர் நிற்காமல் கதிரையில் இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

"நான் ஒரு கேள்வி கேட்டிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறன் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டார். பிறகு தானே சொன்னார்.

"ஒரு செக்கன். அதுக்குள்ள மறுமொழியையும் நானே சொல்லிப்போடுறன். இருபத்திரண்டு வருசமா நான் ஒரு பிள்ளையிட்டயும் கேள்வி கேக்கேல்ல. எனக்கு நானே கேட்டு நானே சொல்லிக்கொண்டு நிண்டிருக்கிறன்."

அன்றிலிருந்துதான் அந்தப் பத்து வந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். விரல்களை ஒவ்வொன்றாக மடிப்பார். முன் வரிசைக்கு அது தெரியாது. அவர் வகுப்பைச் சுற்றி நடப்பதால் எங்கள் வாங்குக்குத் தெரியும். முதல் நாட்களில் அந்த அமைதியைத் தாங்க ஏலாமல் நாங்கள் சிரித்தோம். ஒருத்தி, "டீச்சர், உங்களுக்கு மறந்து போச்சோ?" என்று கேட்டாள். "இல்லை. உங்களுக்கு ஞாபகம் வரட்டும் எண்டு நிக்கிறன்" என்றார். இரண்டாம் கிழமை ஐந்தில் ஆறில் கைகள் எழும்பத் தொடங்கின. என் கை எழும்பவில்லை.

பிறகு ஒரு படிவம் தந்தார். ஆய்வுக்காக மாணவிகளோடு தனித்தனியாகக் கதைக்கப் போகிறார், பெயர் எங்கும் வராது, இலக்கம்தான் வரும், மாணவியும் பெற்றாரும் கையொப்பம் வைக்க வேண்டும் என்று இருந்தது. "விருப்பம் இல்லாட்டி வெறுமையாத் திருப்பித் தாங்கோ. ஏனெண்டு கேக்கமாட்டன்" என்றார். எனக்கு விருப்பம் இருந்தது. நான் சொல்வதைக் கேட்பதற்கென்று ஒருவர் நேரம் ஒதுக்குவது அதுதான் முதல் தடவை. ஆனால் கையொப்பத்துக்கு அப்பாவிடம் கேட்க வேண்டும்.

அப்பா துறைமுகப் பக்கம் படகு என்ஜின் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ஒருநாளும் எனக்குக் கை ஓங்கியதில்லை. ஆனால் வீட்டில் ஏதாவது கேட்டால் சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். பாடசாலைச் சுற்றுலாவுக்கு விடுவீர்களா என்று ஒருமுறை கேட்டேன். கோப்பையைத் தள்ளினார். அம்மா என்னைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். மீன் துண்டு முழுதாகக் கோப்பையில் கிடந்தது. பகல் முழுதும் வேலை செய்த மனிதர் என்னால் பட்டினியாகப் படுத்தார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்பதில்லை. படிவத்துக்கும் கேட்கவில்லை. அப்பாவின் கையொப்பத்தைத் தேர்ச்சி அறிக்கையில் பார்த்து நானே போட்டேன்.

இதை முதன்முதலாக எழுத்தில் சொல்கிறேன்.

டீச்சர் என்னோடு கதைத்தது பாடசாலை விட்ட பிறகு, ஆய்வுகூடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. "மறுமொழி தெரிஞ்சும் நீங்கள் ஏன் வகுப்பில கதைக்கிறேல்ல?" என்று கேட்டார். கையைப் பின்னால் கட்டினார். பின்னால் இருந்த கண்ணாடி அலுமாரியில் விரல்கள் மடிவது தெரிந்தது. பத்து முடிந்தது. மறுபடி முதலில் இருந்து மடிக்கத் தொடங்கினார். மூன்றாவது பத்தில் நான், "வாயைத் திறந்தா ஆரோ சாப்பிடாம எழும்பிப் போயிடுவினம் போல கிடக்கு டீச்சர்" என்றேன். பிறகு கோப்பைக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பதிவை நிறுத்திவிட்டு, "இதை நான் எழுதலாமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். நான் அவர் ஆய்வில் பதினோராம் இலக்கம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனேன். டீச்சர் தன் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றார்.

"டீச்சர், நான் படகு என்ஜின் பாக்கிறனான். இது தண்ணியில ஓடுற சாமான் இல்லையே" என்றார் அப்பா.

"மழைக்க ஓடித்தானே தம்பி நிண்டது. ஒருக்காப் பாருங்கோ."

அப்பா சிரித்துக்கொண்டே பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார். வண்டி உடனே வேலை செய்தது. காசு வேண்டாம் என்றார். டீச்சர் புறப்படப் போனவர் நின்று, "இன்னொண்டுக்கும் நன்றி சொல்லவேணும். மகளைக் கதைக்க விட்டு அனுமதி தந்தியளே, பெரிய உதவி" என்றார்.

"என்ன அனுமதி?" என்றார் அப்பா.

சாப்பாட்டுப் பெட்டி என் கையில் இருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் பத்து எண்ணவில்லை.

"பேச்சுப் போட்டிக்கு" என்றார்.

"இவளோ? பேச்சுப் போட்டியோ? டீச்சர், வீட்டில உப்புக் காணாட்டியும் இவள் கேக்கமாட்டாள்!" அப்பா பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, போகட்டும்" என்றார்.

திங்கட்கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நானே முந்திக் கேட்டேன்.

"கோவமோ டீச்சர்?"

"ஓம். கோவம்தான். உங்களிலயும் என்னிலயும். நான் ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். கையொப்பத்தைப் பாத்து நம்பிப்போட்டன். அதோட உங்கட அப்பாவுக்கு ஒரு பொய்யும் சொல்லிப்போட்டன். அதை இப்ப உண்மையாக்க வேணும்."

அப்படித்தான் நான் பேச்சுப் போட்டியில் ஏறினேன். நடுவில் மறந்து நின்றேன். மண்டபத்தின் கடைசியில் டீச்சர் கையைப் பின்னால் கட்டுவது தெரிந்தது. எத்தனை பத்து போனதோ தெரியாது, மிச்சத்தையும் சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்றாம் இடம். போட்டியிட்டது மூன்று பேர். அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் அப்பாவின் கடையில், சாவிகள் தொங்கும் பலகைக்கு மேல், பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கிறது. வருபவர்களிடம் மூன்றாம் இடம் என்று காட்டுவார். எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை.

நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒருநாள் கொப்பி கொடுக்கப் போனபோது டீச்சர் தன்னை மேற்பார்வை செய்யும் பேராசிரியையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். "ஓம் மேடம், அதுதான் நல்ல பகுதி. எனக்குத் தெரியும். ஆனா அனுமதி சரியில்லை. அதை வெளியில எடுக்கத்தான் வேணும். ஓம், பிந்தும்" என்றார். பதினோராம் இலக்கத்தை வைத்துத்தான் அவர் நான்காம் அத்தியாயத்தை எழுதியிருந்தார். அதைக் குலைத்து மறுபடி எழுத வேண்டும்.

"நீங்கள் அப்பாட்டக் கேட்டா அவர் கையொப்பம் வைப்பார்தானே டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

"வைப்பார். டீச்சர் வந்து கேட்டா ஆர் இல்லை எண்டு சொல்லுறது? அது மரியாதைக்கு வைக்கிறது. அனுமதி இல்லை. அதை நீங்கள்தான் கேக்கவேணும், என்ன சொன்னனீங்கள் எண்டதையும் சொல்லி."

"எனக்கு ஏலாது டீச்சர்."

"அப்ப வேண்டாம். அவசரமில்லை."

"உங்களுக்குப் பிந்துமே."

"ஆறு மாதம் பிந்தும். ஒரு செக்கனும் நிக்காம இருபத்திரண்டு வருசம் ஓடினனான். ஆறு மாதம் நிக்கிறது பெரிய வேலையோ?"

அந்த ஆறு மாதம் முடிய இன்னும் சில கிழமைகள் இருந்தன. நான் கையொப்பத்தை நானே போடாமல் இருந்திருந்தால் டீச்சர் போன வருடமே முடித்திருப்பார். கணித சேர் பகிடிக்குச் சொன்ன 'டொக்டர்' என்பதை நாங்கள் உண்மையாகவே சொல்லிக் கூப்பிட்டிருப்போம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சடங்குக்கு எங்கள் வகுப்பு போனது. டீச்சரின் கணவரை நாங்கள் அங்கிள் என்போம். தபாற்கந்தோரில் வேலை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கடித உறையைத் தந்தார். மேலே டீச்சரின் எழுத்தில் என் பெயர். "இவ சாமான் ஒண்டையும் ஒழுங்கா வைக்கிறவ இல்லை பிள்ளை. இதை மட்டும் பூட்டி வைச்சிருந்தவ. நான் திறக்கேல்ல" என்றார். பிறகு, பேராசிரியை டீச்சரின் அத்தியாயங்களை ஒழுங்குபடுத்தி, மாவட்டத்து ஆசிரியர்கள் வாசிக்கக்கூடியதாக ஒரு சிறு புத்தகம் ஆக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார். "எல்லாம் சரி. நாலாம் அத்தியாயத்தில ஒரு இடம் வெறுமையாக் கிடக்காம். அனுமதி முழுமையில்லை, ஆனபடியா இந்த மாணவி சொன்னது சேர்க்கப்படேல்ல எண்டு இவ எழுதி வைச்சிருக்கிறாவாம். ஆரெண்டு பேராசிரியைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. டீச்சரோடு இருந்து அவருக்கும் பொறுத்து நிற்கப் பழகியிருக்க வேண்டும்.

உறைக்குள் நான் கள்ளக் கையொப்பம் போட்ட படிவம் இருந்தது. நான் கதைத்தது எழுத்தில் நான்கு பக்கம் இருந்தது. என் குரல் பதிந்த சிறிய மெமரி அட்டை இருந்தது. இவற்றோடு, கசங்காத ஒரு புதுப் படிவம். அதில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டில் ஒரே சொல்: அவசரமில்லை.

அந்த நான்கு பக்கத்தையும் பல தடவை வாசித்துவிட்டேன். நான் சொன்னவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. என் பேச்சுக்கு நடுவில் அடைப்புக்குறிக்குள் 'அமைதி, பத்து செக்கன்', 'அமைதி, பத்து செக்கன்' என்று டீச்சர் குறித்திருக்கிறார். நான் பேசாமல் இருந்ததையும் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "தகப்பனும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எழும்பிப் போகிறாரோ?" என்று எழுதியிருக்கிறார். இதை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சுற்றுலாவுக்குக் கேட்ட அன்று அப்பா கோப்பையைத் தள்ளியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லை. நான் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரிடம் இருந்து எனக்குக் கிடைத்தவற்றில் நான் வைத்திருக்கப் போவது இரண்டு. ஒன்று அந்த மஞ்சள் துண்டு. மற்றது அந்தப் பத்து. புதுப் படிவத்தை என்னோடு வைத்திருக்க ஏலாது. அது அப்பாவுடையது.

வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. புத்தகத்துக்கான தாள்களும் அன்றுதான் கொழும்புக்குப் போகின்றன. இன்று பின்னேரம் அங்கிளிடம் போய் மலரில் சில பக்கம் எனக்கு விட்டு வைக்கச் சொன்னேன். நானே கொண்டுவந்து தந்தால் போடுங்கள், வராவிட்டால் அந்த இடத்தில் டீச்சரின் படங்களைப் போடுங்கள் என்றேன். அப்பாவிடம் கேட்காமல் இதைக் கொண்டுபோக மாட்டேன். ஆகவே நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் நான் கேட்டுவிட்டேன். அப்பா என்ன சொன்னார் என்பது டீச்சரின் புத்தகத்தில் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, பதினோராம் இலக்கம் பேசுகிறதா, இடம் வெறுமையாகக் கிடக்கிறதா என்று பார்த்தால் தெரியும். ஆய்வில் என் பெயர் வராது. இங்கே வரட்டும்.

நாளை மத்தியானம் சாப்பாட்டையும் கோப்பையையும் கடைக்கு நான்தான் கொண்டுபோவேன். முதலில் படிவத்தை வைப்பேன். அந்த நான்கு பக்கத்தையும் வைப்பேன். கேட்ட பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். அவர் கோப்பையைத் தள்ளினால், இந்தமுறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, முதலில் இருந்து எண்ணுவேன்.

ம. துளசி
தரம் 11